எட்டாவது ஸ்டேஜ்ல ஒரு நாய்

லீனா: …போச்சு. செத்துட்டேன்.

இஸ்ரேல்: மறுபடியுமா?

லீனா: மறுபடியும். அதே ஆறாவது ஸ்டேஜ். செவப்பு வண்டுங்க கும்பலா இறங்குது, நான் நகர்றதுக்குள்ள என் கப்பல் தூள் தூள்.

இஸ்ரேல்: கை துருப்பிடிச்சிக்கினு கீது உனக்கு. கொஞ்சம் எண்ணெ வுடு.

லீனா: உங்க வாய்க்கு வுடறேன், அதுதான் நிக்காம ஓடிக்கினு கீது. காலைல கம்பெனி பஸ் புடிச்சு ஸ்ரீசிட்டி போய், பொழுது பூரா செல்போன் போர்டை உத்து உத்துப் பாத்துட்டு வந்து, வீட்லயும் டிவில மாட்டின ஒரு பழைய கேம் போர்டு முன்னாடியே உக்காந்து கீறேன். பொண்டாட்டிக்கு ஒரு டீ குடுப்போம்னு தோணுதா உங்களுக்கு?

இஸ்ரேல்: உன் முழங்கைக்குப் பக்கத்துல பாரு. ஆறியே போச்சு.

லீனா: …எப்ப வச்சீங்க?

இஸ்ரேல்: நீ நாலாவது ஸ்டேஜ்ல பல்லைக் கடிச்சிக்கினு இருந்தப்ப.

லீனா: ம்… சக்கரை கம்மி.

இஸ்ரேல்: ஞாயித்துக்கிழமை ஜெயிச்சிட்டு வா, பாயசமே வச்சித் தரேன்.

லீனா: ஜெயிக்கறது யாருக்கு வேணும்? எனக்கு நாய் வரணும். எட்டாவது ஸ்டேஜ் முடியணும், சர்ச்ல சபை மொத்தமும் பாத்துக்கினு இருக்கறப்ப அந்த நாய் வந்து நிக்கணும். அவ்ளோதான்.

இஸ்ரேல்: வரும், வரும்.

லீனா: உங்க 'வரும் வரும்'ல உப்பே இல்ல. நீங்களும் அன்னிக்குச் சிரிச்சவர்தானே.

இஸ்ரேல்: கொயர் மொத்தமும் சிரிச்சுது லீனா. பென்னி கீபோர்டை நிறுத்திட்டு வாயைத் தொறந்தா யாருதான் சிரிக்க மாட்டாங்க?

லீனா: 'கிருஷ்ணப்பா கடை வீடியோ கேம்ல ஆறாவது ஸ்டேஜைத் தாண்டின ஆளு நகரியிலயே கிடையாது, நான் உள்பட'ன்னு பீத்திக்கினான் உங்க தம்பி. நான் வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம்…

இஸ்ரேல்: நீயாவது மூடறதாவது. 'நான் எட்டும் முடிச்சேன், கப்பல் வீட்டுக்கு வந்து எறங்கும், வாசல்ல ஒரு நாய் வாலாட்டும்'ன. வானத்துல வண்டு சுடற கேம்ல நாய்க்கு இன்னா வேலைன்னு அவன் கேட்டான்…

லீனா: இன்னா வேலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? பண்ணினவனைப் போய்க் கேக்கச் சொல்லுங்க! நான் பாத்தேன். சின்னப் பொண்ணா இருக்கறப்ப, இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்.

இஸ்ரேல்: கத்தாத. பக்கத்து வீட்டுத் தறிகூட நின்னுடுச்சு உன் சத்தத்துக்கு.

லீனா: கரண்டு போயிருக்கும்.

இஸ்ரேல்: நம்ம வீட்ல கீதே.

லீனா: …சிரிக்க வைக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது. இப்ப நான் ஸோப்ரானோ வரிசைல வாயைத் தொறந்தா பின்னாடி இருந்து 'லொள்'ங்குது. சண்டே ஸ்கூல் வாண்டுங்க வரைக்கும் 'நாய்க்கார ஆன்ட்டி'. என் வாழ்க்கைல பொய்யே சொல்லாத ஒரு விஷயத்துக்கு நான் பொய்க்காரி.

இஸ்ரேல்: சாட்சி ஒருத்தராவது இருந்திருந்தா…

லீனா: எங்கிருந்து இருக்கும்? பொண்ணு அந்தக் கடைக்குள்ள போனாலே ஊரு ஒரு மாதிரி பாக்கும். எங்கம்மா பக்கத்துக் கடைல தச்சிக்கினு இருப்பாங்க. கிருஷ்ணப்பா மத்தியானம் சோறு துன்னப் போறப்ப, 'லீனாம்மா, கடையைப் பாத்துக்கோ'ன்னு என்னை உள்ள வுட்டு ஷட்டரைப் பாதி இறக்கிட்டுப் போவாரு. நானும் மிஷினும் மட்டும்.

இஸ்ரேல்: அவராவது நாயைப் பாத்தாரா?

லீனா: அவரு ஷட்டரைத் தூக்கறதுக்குள்ள திரை மாறிடுச்சு. 'அப்படியாம்மா'ன்னாரு. நம்பின மாதிரிதான் இருந்துது. இப்ப அவரும் இல்லையே.

இஸ்ரேல்: நெட்ல அலசிப் பாத்துட்டேன் நான். இது எவனோ எவன் கிட்டயோ திருடிப் பண்ணின காப்பி போர்டு. பேரும் இல்ல, ஊரும் இல்ல. அதுக்குத்தானே திருப்பதில ஒரு காயலான் கடை வுடாம ஏறி எறங்கி இதைப் புடிச்சேன்?

லீனா: புடிச்சீங்க. அதை மறுக்கல.

இஸ்ரேல்: வேற போர்டு இல்ல, கிருஷ்ணப்பா கடை போர்டேதான். மூலைல பாரு, சந்தனப் பொட்டு. ஆயுத பூஜைக்கு மிஷினைத் தொறந்து உள்ளயும் பொட்டு வைப்பாருன்னு நீதானே சொன்ன. அதைப் பாத்து அன்னிக்கு நீ அழுதியே…

லீனா: அழல. தூசு.

இஸ்ரேல்: சரி, தூசு. மூக்குலயும் தூசு.

லீனா: பேச்சை மாத்தாதீங்க. உண்மையைச் சொல்லுங்க… போர்டுல ஏதாவது கை வச்சீங்களா?

இஸ்ரேல்: …நானா? எதுக்கு?

லீனா: மொத நாளு ஆடினப்ப இப்படி ஓடல. செவ்வாக்கிழமைல இருந்து பேய் புடிச்ச மாதிரி ஓடுது.

இஸ்ரேல்: அது எப்படி ஓடும்? போர்டு நடுவுல குட்டியா ஒரு வெள்ளித் தகர டப்பா கீது பாரு, அதான் கிரிஸ்டல். மனுஷனுக்கு நாடி மாதிரி. அது துடிக்கிற வேகத்துக்குத்தான் கப்பலும் ஓடும், வண்டும் ஓடும், பாட்டும் ஓடும். போர்டு இங்க வரும்போது அந்த எடத்துல ஒடஞ்ச கம்பி ரெண்டு மட்டும் நீட்டிக்கினு இருந்துது…

லீனா: தெரியும்.

இஸ்ரேல்: போர்டுலயே அந்த வேகத்தை 'பதினெட்டு'ன்னு அச்சடிச்சு கீது. நானும் பதினெட்டுதான் வாங்கி உன் கண்ணு முன்னாடி போட்டேன். பதினெட்டு எப்பவும் பதினெட்டுதான். காய்ச்சல் வந்த மாதிரி அது பாட்டுக்கு ஏறாது.

லீனா: போட்டீங்க. ஈயம் வைக்காம, சாக்கெட்ல சொருகித்தான் போட்டீங்க. எதுக்கு சாக்கெட்டு?

இஸ்ரேல்: பழைய போர்டுடி. சும்மா சும்மா சூடு காட்டினா அடியில செம்புக் கோடு உரிஞ்சிக்கினு வந்துடும். நீ கம்பெனில போர்டு லைன்ல நிக்கிறவ, உனக்குத் தெரியாததா?

லீனா: தெரியும்தான்… இன்னா வேர்க்குது உங்களுக்கு?

இஸ்ரேல்: நகரியில யாருக்கு வேர்க்கல? ஆடு, ஆடு. படம் உருளுது பாரு, டிவி பின்னாடி திருகை லேசா திருப்பு. ஆங்… நின்னுடுச்சு.

லீனா: ம்ம்… ம்ம்ம்ம்…

இஸ்ரேல்: இன்னா முணுமுணுக்கற?

லீனா: கேம் பாட்டு. கூடப் பாடறேன்.

இஸ்ரேல்: அது பாட்டா? எனக்கு 'டிங் டிங்'குனுதான் கேக்குது.

லீனா: உங்களுக்கு எல்லாப் பாட்டும் 'டிங் டிங்'தான். 'இஸ்ரேலு, நீ பேஸ் வரிசைல நின்னு வாயை மட்டும் அசைப்பா'ன்னு கொயர் மாஸ்டர் கெஞ்சலயா?

இஸ்ரேல்: அதனாலதான் ஞாயித்துக்கிழமை அறுப்பின் பண்டிகைல காணிக்கைப் பொருளை ஏலம் போட என்னை வுட்டாங்க! சுருதி இல்லன்னா இன்னா, இந்தத் தொண்டைக்கு நம்ம சபைல ஈடு கீதா? போன வருஷம் ஒரே பூசணிக்காயை…

லீனா: வாயை மூடுங்க, ஆறாவது ஸ்டேஜ் வந்துடுச்சு. ஒரு வரிசை… ரெண்டு…

இஸ்ரேல்: ஐயோ. போச்சா?

லீனா: போச்சு. ஆனா ரெண்டு வரிசை தாண்டிட்டேன். ஏங்க…

இஸ்ரேல்: ம்?

லீனா: ஞாயித்துக்கிழமை நாய் வரலன்னா?

இஸ்ரேல்: வரும்.

லீனா: …இப்ப சொன்ன 'வரும்' பரவால்ல.

•

பென்னி: ஸ்தோத்திரம் அண்ணி! நாய்க்கு பிஸ்கட்டு கொண்டாந்திருக்கேன்.

லீனா: ஸ்தோத்திரம் பென்னி. ஆராதனை முடிஞ்சு பாஸ்டர் ஐயா இன்னும் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா?

பென்னி: ஒரு பாக்கெட்டு போதுமா, இல்ல பெரிய நாயா?

லீனா: சின்னதுதான். வாலு மட்டும் உன் வாய் நீளம்.

பென்னி: ஹா! எங்கண்ணன் எங்க?

லீனா: உனக்குக் காது கேக்கலயா? ஏல மேடைல.

இஸ்ரேல் (மைக்கில்): வாங்கய்யா வாங்க! ஒரே முட்டை! நாட்டுக்கோழி முட்டை! டெபோராக்கா வீட்டுக் கோழி முக்கி முக்கிப் போட்ட முட்டை!

பென்னி: முட்டைல, பூச்சியத்துல ஆரம்பிச்சாரு. இந்த முட்டையைக் காசு குடுத்து எடுக்கறவன் சபைக்கே திருப்பிக் குடுக்கணும், திரும்ப ஏலம், திரும்பக் குடுக்கணும்… சாயங்காலத்துக்குள்ள அந்த முட்டை குஞ்சு பொரிச்சிடும். ஆமா, போர்டுப் பெட்டியை மூடிட்டு கைப்பைல இன்னாத்தைப் போட்டீங்க?

லீனா: கர்ச்சீப்பு. உனக்கு எல்லாத்துலயும் கண்ணு.

பென்னி: இருக்கும்ல அண்ணி? நான் ஒண்ணு கேட்டா கோச்சிக்காதீங்க. திருப்பதில எங்க ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான். இந்தப் பழைய போர்டுங்கள்ல ஏதோ ஒரு டப்பாவை மாத்தினா ஆட்டம் ஆமை மாதிரி நகருமாமே?

லீனா: அதனால?

பென்னி: எங்கண்ணன் மெக்கானிக்கு. நீங்க அவரு பொண்டாட்டி. சும்மா சொல்றேன்…

லீனா: சும்மா எல்லாம் சொல்லாத. இந்தா, ஸ்டிக்கைப் புடி. மொதல்ல நீ ஆடு.

பென்னி: வத்து அண்ணி, வேணாம். நீங்க ஆடுங்க. நான் நாயைப் பாக்க வந்தவன்.

லீனா: ஆடறியா, இல்ல சபை முன்னாடி 'நான் பயந்துட்டேன்'னு சொல்றியா? கிருஷ்ணப்பா கடை ராசா நீ. வேகம் உன் கைக்குத் தெரியும். மெதுவா ஓடினா நீயே சொல்லு, நான் எழுந்து போயிடறேன்.

பென்னி: சரே. ஆன் பண்ணுங்க… ஐயோ.

லீனா: இன்னா?

பென்னி: அந்தப் பாட்டு… அண்ணி, கேளுங்க, அதே பாட்டு! அதே சுருதி! கையைப் பாருங்க, முடி எல்லாம் நட்டுக்கினு கீது. நான் கீபோர்டு வாங்கினதும் மொதல்ல வாசிச்சது இதுதான் தெரியுமா?

லீனா: வண்டைப் பாரு, வண்டைப் பாரு!

பென்னி: பாத்துக்கினுதான் கீறேன்… இது போகட்டும்… இதோ… அட! அட! இவ்ளோ வேகமாவா நாம அப்ப ஆடினோம்? ஏய், தள்ளி நில்லுங்கப்பா, வெளிச்சத்தை மறைக்காதீங்க… ஐயய்யோ.

லீனா: நாலாவது ஸ்டேஜ்.

பென்னி: நாலுதானா? அஞ்சுன்னு போடக் கூடாதா?

லீனா: இப்ப சொல்லு. ஆமையா?

பென்னி: …இல்ல அண்ணி. கண்ணைக் கட்டிட்டு கேட்டாலும் சொல்லுவேன். கிருஷ்ணப்பா கடைல ஓடின அதே வேகம். ஒரு நூல் கொறச்சல் இல்ல. நான் வாயை வச்சிக்கினு சும்மா இருந்திருக்கணும்.

லீனா: எனக்கு மட்டும் சொன்னா போதாது. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு.

பென்னி: எல்லாரும் கேளுங்க! போர்டுல களவாணித்தனம் எதுவும் இல்ல! பென்னி சொல்றேன்! அண்ணி ஆடப் போறாங்க! நாய் வந்தா வந்துச்சு, வரலன்னா…

லீனா: வரலன்னா நான் கொயர்ல இருந்து நின்னுக்கறேன்.

பென்னி: அண்ணி! அதெல்லாம் எதுக்கு? விளையாட்டுக்குத்தானே…

லீனா: உனக்கு விளையாட்டு. தள்ளு.

இஸ்ரேல் (மைக்கில்): முட்டை திரும்பவும் மேடைக்கு வந்துடுச்சு! யாருக்குமே இது வேணாம், ஆனா எல்லாருக்கும் வேணும்! கேளுங்க, கேளுங்க!

பென்னி: மொத ஸ்டேஜ் முடிஞ்சுது… ரெண்டு… கண்ணு சிமிட்டறீங்களா இல்லையா அண்ணி?

லீனா: பேசாத.

பென்னி: சரே… மூணு… ஏய் வாண்டுங்களா, யாரும் 'லொள்'ளுன்னு கத்தினீங்க, தோலை உரிச்சிடுவேன்… நாலு தாண்டிட்டாங்க! என்னைத் தாண்டிட்டாங்கப்பா!

லீனா: படம் உருளுது. பின்னாடி திருகை… லேசா… இடது பக்கம்.

பென்னி: இதோ… நின்னுடுச்சா?

லீனா: ம்.

பென்னி: அஞ்சு… ஆறு! இதோ வந்துட்டானுங்க செவப்பு வண்டுங்க. சுடுங்க அண்ணி! சுடுங்க! ஏன் மூலைல போய் நிக்கிறீங்க? சுடவே மாட்டேங்கிறீங்களே!

லீனா: பாட்டைக் கேளு… நாலாவது அடில… வண்டு திரும்பும்… இப்ப.

பென்னி: …அடேங்கப்பா! ஒரே வெடில ஒரு வரிசை! காதுல கேட்டு ஆடறீங்களா நீங்க?

லீனா: அப்பவும்… அப்படித்தான்.

இஸ்ரேல் (மைக்கில்): ஒரு தரம்! அந்த மூலைல யாரு கை தூக்கினது? காது கேக்கலய்யா, சத்தமா சொல்லு!

லீனா: பென்னி… பாட்டு கேக்கல. மைக் சத்தம்… பாட்டை முழுங்குது. ஏழாவது ஸ்டேஜ் வந்துடும்… சீக்கிரம்…

பென்னி: அண்ணா! ஏய் இஸ்ரேல் அண்ணா! மைக்கை நிறுத்துங்க!

இஸ்ரேல் (மைக்கில்): ரெண்டாம் தரம்! யாருப்பா அது குறுக்க…

பென்னி: நிறுத்துங்கன்னா நிறுத்துங்க! அண்ணி ஏழாவது ஸ்டேஜ்!

இஸ்ரேல் (மைக்கில்): …ஏழா? …ஐயா, பாஸ்டர் ஐயா, மன்னிக்கணும். இந்த முட்டையைக் கொஞ்சம் கைல புடிச்சிக்கோங்க.

பென்னி: நிறுத்திட்டாரு அண்ணி. ஏலத்தையே நிறுத்திட்டாரு. இப்ப கேக்குதா?

லீனா: கேக்குது.

இஸ்ரேல்: நகருங்கப்பா, வழி வுடுங்க… என் பொண்டாட்டிப்பா அது… லீனா…

லீனா: பேசாதீங்க.

இஸ்ரேல்: பேசல.

பென்னி: எட்டுண்ணா. இது எட்டு. நான் பொறந்து வளர்ந்து இந்தத் திரையைப் பாத்ததே இல்ல… நீல வண்டு. நீல வண்டு எல்லாம் இருந்துதா இதுல?

இஸ்ரேல்: எப்பா, இன்னா வேகம்டா…

பென்னி: கடைசி ஸ்டேஜ்ணா, அப்படித்தான் இருக்கும்.

இஸ்ரேல்: லீனா, வலது பக்கம்…

லீனா: தெரியும்.

பென்னி: …முடிஞ்சுதா? கறுப்பா கீது. திரை கறுப்பாயிடுச்சு. கரண்டு போச்சா?

லீனா: கொஞ்சம் பொறு.

இஸ்ரேல்: எங்கயும் ஒண்ணும் தெரியலயே…

லீனா: பொறுங்கன்றேன் இல்ல.

பென்னி: …கப்பல். கப்பல் எறங்குது. ஒரு வீடு… வாசல்… அண்ணி…

லீனா: ம்?

பென்னி: அண்ணி, நாய். நாய்ணா! வால்ணா! வாலாட்டுதுண்ணா! எல்லாரும் பாத்துக்கோங்க, நாயேதான்! அடக் கடவுளே, விண்வெளில நாய்!

இஸ்ரேல்: மைக்கைக் குடு. குடுடா! …ஹலோ, ஹலோ! சபையாருக்கு ஒரு அறிவிப்பு! நாய் வந்துடுச்சு! என் பொண்டாட்டி லீனா சின்னப் பொண்ணா இருந்தப்ப பாத்ததும் நிஜம், இப்ப சொன்னதும் நிஜம்! சிரிச்சவங்க எல்லாம் வரிசைல வந்து ஸ்தோத்திரம் சொல்லிட்டுப் போங்க! மொத ஆளா நான் சொல்றேன்… ஸ்தோத்திரம் லீனா!

லீனா: ஐயோ, மானத்தை வாங்காதீங்க, மைக்கை வைங்க!

பென்னி: அண்ணி… இந்தாங்க.

லீனா: இன்னா இது, பிஸ்கட்டு?

பென்னி: நீங்களே குடுங்க எனக்கு. நான் துன்னறேன். அதான் நியாயம்.

•

இஸ்ரேல்: கேட்டை இப்பதான் போடணுமா? அந்தப் பக்கம் தெரியறது நம்ம தெரு.

லீனா: நிப்போம். இன்னா அவசரம்? ரயிலு போகட்டும்.

இஸ்ரேல்: மடில போர்டு பத்திரமா கீதா?

லீனா: துண்டுல சுத்தி வச்சிருக்கேன். வண்டியை அணைங்க, பெட்ரோல் வீணாவுது.

இஸ்ரேல்: பாஸ்டர் ஐயா கடைசி வரைக்கும் அந்த முட்டையைக் கைலயே வச்சிக்கினு உன் ஆட்டத்தைப் பாத்தாரு, தெரியுமா? கீழ வைக்கவே மறந்துட்டாரு.

லீனா: ஹா ஹா… கொயர் மாஸ்டர் கூட வந்து கை குடுத்தாரு.

இஸ்ரேல்: செங்கம்மா அத்தை இன்னா சொன்னாங்க தெரியுமா? 'இஸ்ரேலு, உன் பொண்டாட்டி கையை வெள்ளில செய்யணும்'னாங்க. எனக்கு நெஞ்சு இவ்ளோ பெருசாச்சு லீனா. சட்டை பட்டன் தெறிக்காதது அதிசயம். நெஜமா சொல்றேன், கல்யாணத்து அன்னிக்குக் கூட நான் இப்படி நிமிந்து நடக்கல.

லீனா: கல்யாணத்து அன்னிக்கு உங்களுக்குச் செருப்பு கடிச்சிக்கினு இருந்துது.

இஸ்ரேல்: …லீனா.

லீனா: ம்?

இஸ்ரேல்: ஒண்ணு சொல்லணும். கோவிச்சிக்கக் கூடாது.

லீனா: சொல்லுங்க, பாக்கலாம்.

இஸ்ரேல்: நீ கேட்டியே, போர்டுல கை வச்சீங்களான்னு… வச்சேன்.

லீனா: அப்படியா?

இஸ்ரேல்: செவ்வாக்கிழமை நீ கம்பெனிக்குப் போனதும் பதினெட்டைப் புடுங்கிட்டு இருபதைச் சொருகிட்டேன். அதான் பேய் மாதிரி ஓடுச்சு. வேணும்னேதான் பண்ணேன்.

லீனா: எதுக்கு?

இஸ்ரேல்: உன்னை நம்பாம இல்ல, சத்தியமா. வருஷம் ஆகிப்போச்சு, கை எப்படியோன்னு ஒரு பயம். மூட்டை தூக்கிப் பழகினவனுக்கு வெறுங்கை எப்படி இருக்கும்? இருபதுல பழகிட்டு பதினெட்டுல ஆடினா உனக்கு அப்படி இருக்கும்னு கணக்குப் போட்டேன். நேத்து சாயங்காலம் நீ கொயருக்குப் போனதும் திரும்பப் பதினெட்டைச் சொருகிட்டேன். டிவி திருகையும் அதுக்குத் தக்கன திருப்பி வச்சேன்.

லீனா: ஓஹோ.

இஸ்ரேல்: அப்படியே காலைல கொண்டுபோய் மாட்டிட்டு ஏல மேடைக்குப் போனேன். அதனாலதான் இன்னிக்கு நீ அவ்ளோ நிதானமா ஆடின. ஜெயிச்சது நீதான், அதுல மாத்துப் பேச்சு இல்ல. ஆனா… கொஞ்சமே கொஞ்சம்… உன் புருஷன் மூளையும் அதுல கீது. கோவமா?

லீனா: கோவம் இல்லீங்க. இவ்ளோ தூரம் யோசிச்சிருக்கீங்களே… எனக்காக யாரு இப்படி உக்காந்து யோசிச்சிருக்காங்க?

இஸ்ரேல்: அப்புறம் ஏன் சிரிக்கற?

லீனா: அந்த இருபதை எங்க வச்சீங்க?

இஸ்ரேல்: நேத்து போட்டிருந்த நீலச் சட்டை பைல… ஐயோ! அதைத் துவைக்கப் போட்டுட்டியா?

லீனா: ராத்திரியே ஊற வச்சிட்டேன். பையைத் தடவிப் பாக்காம என்னிக்காவது நான் உங்க சட்டையை ஊற வச்சிருக்கேனா?

இஸ்ரேல்: அப்பாடி! எடுத்துட்டியா? குடு, பத்திரமா டப்பால போட்டு வைக்கறேன். அது சுலபமா கிடைக்காது.

லீனா: கையை நீட்டுங்க. அந்த லைட்டுக்கு நேரா. கைப்பைல கர்ச்சீப்புக்குள்ளதான் கீது… இந்தாங்க.

இஸ்ரேல்: இதுவா… இரு. இதுல பதினெட்டுன்னு போட்டு கீதே. லீனா? இது பதினெட்டுடி. அப்ப… போர்டுல?

லீனா: மொத நாளு நீங்க பதினெட்டு போட்டப்பவே பாட்டு ஒரு கட்டை எறங்கி இருந்துது. செவ்வாக்கிழமை ஏறுச்சு, எனக்குத் தெரிஞ்ச சுருதிக்கு வந்து நின்னுச்சு. பசங்க சீக்கிரம் தோத்து எடத்தைக் காலி பண்ணட்டும்னு கிருஷ்ணப்பா அப்பவே இருபதைத்தான் போட்டு வச்சிருந்திருக்காரு. உங்க கிட்டச் சொன்னா பயந்துக்கினு வுட மாட்டீங்க. அதான் இன்னிக்கு ஆராதனை முடிஞ்சதும், பென்னி கிட்ட வர்றதுக்குள்ள, பதினெட்டைப் புடுங்கிட்டு இருபதை நானே சொருகினேன். அன்னிக்கு நாயைப் பாத்ததும் இருபதுல, இன்னிக்குப் பாத்ததும் இருபதுல… வண்டியை எடுங்க, கேட்டைத் தொறந்துட்டாங்க.